மதுவிலக்கும் சமநீதியும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மது ஒழிய வேண்டும் என்பதில் இச்சபையில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. 1927 நொவெம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் இதனையே வற்புறுத்தினார். 1937 ஒக்டோபர் முதல் திகதி இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடக்கி வைத்தார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அத்தகைய சட்டத்தின் கை எவர்மேல் விழுகிறது என்பதை நாம் கேட்க வேண்டாமா?

காந்தியடிகள் பிறந்த குஜராத்தைப் பாருங்கள். 1960இல் அம்மாநிலம் தோன்றிய நாள்முதல் அங்கே மதுவிலக்கு உண்டு. ஆயினும், வைத்தியச் சான்று பெற்றுக் கட்டணமும் செலுத்த வல்லவருக்கு உடல்நல அனுமதிச் சீட்டு உண்டு. 2023 டிசெம்பரில், கிஃப்ட் சிட்டி என்னும் நிதி நகரில் தொழில் புரிவோரும் அவர்தம் விருந்தினரும் மதுவருந்த அரசாங்கம் விலக்களித்தது. மேசைக்கு முன் இருப்பவர் அருந்தினால் விருந்து. கல் சுமப்பவன் அருந்தினால் குற்றம்!

பீகாரில் 2016இல் மதுவிலக்கு வந்தது. குடித்து முதன்முறை அகப்பட்டவர் 50,000 ரூபா அபராதம் செலுத்த வேண்டும், அல்லது மூன்று மாதம் சிறையிருக்க வேண்டும் என்று 2018இல் விதித்தனர். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதன் ஒரு பக்கம் தனவந்தன், மறுபக்கம் கூலிக்காரன். 2022இல் அபராதத்தை 2,000 முதல் 5,000 ரூபா வரை என்று குறைத்தார்கள். எனினும், கள்ளச்சரக்குக் கூட்டத் தலைவர்மீது வழக்குகள் சொற்பம், ஏழைகள்மீதே அதிகம் என்று 2024இல் பட்னா உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இவை தூரத்துக் கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். எமது நாட்டிலே பூரணை தினத்தில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. முதல்நாளே போத்தல் வாங்கி வைக்கக் காசுள்ளவனுக்கு அன்று குறைவில்லை. அன்றாடக் கூலியில் குடிப்பவனே கசிப்பைத் தேடிப் போய் அகப்படுகிறான். எமது வல்வெட்டித்துறையில் மாத்திரம் என்ன? வலையிழுத்துக் களைத்தவன் கள்ளுக் குடித்தால் அவன் குடிகாரன். மாடிவீட்டுக் கலியாணத்தில் வெளிநாட்டுப் போத்தல் திறந்தால் அது உபசாரம். சட்டத்துக்கு முன்பே நாம் இரண்டு தராசு வைத்திருக்கிறோம்!

அப்படியாயின் சட்டமே வேண்டாம் என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். குடியால் முதலில் பட்டினி கிடப்பது ஏழையின் பிள்ளையே. ஆகவே சட்டம் இருக்கட்டும். அது காய்ச்சுபவனையும் அவனுக்கு முதல் போடுபவனையும் முதலிற் பிடிக்கட்டும். அபராதம் வருமானத்துக்கேற்ப அமையட்டும். பின்லாந்து தேசம் 1921இலேயே அத்தகைய அபராத முறையைச் சட்டமாக்கியது. குடிக்கு அடிமையானவனுக்கு வைத்தியம் கிடைக்கட்டும்.

வாலிபர்களே, சட்டம் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எம் வீட்டுக் கலியாணத்திலும் கொண்டாட்டத்திலும் மது வையோம், வைத்த வீட்டில் கைநனையோம் என்று இன்றே தீர்மானிப்போம். அதன்பின்பே, கள்ளுக் குடிக்கும் தொழிலாளியிடம் புத்தி சொல்ல எமக்கு வாய் உண்டு.