மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உதவித்தொகை: ஊராட்சியின் கடமை

(செந்துறையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முந்திரித் தோப்பு வேலையையும் வயல் வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு இங்கு வந்திருக்கும் உங்களுக்கு முதற்கண் என் நன்றி. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று, இத்தகைய கூட்டங்களுக்கு வர இயலாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன், நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் குடிநீர்க் குழாய்ப் பணியைப் பார்வையிடச் சென்றேன். வெயிலுக்கு ஒதுங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபோது, உள்ளிருந்து யாரோ முனகும் ஒலி கேட்டது. "எங்கள் பிள்ளைதான் ஐயா, பிறவியிலேயே இப்படி" என்றார் அவ்வீட்டுத் தாய். பிள்ளைக்கு வயது 22. எழுந்து நடக்க இயலாது, பேச்சும் தெளிவில்லை. அரசின் உதவி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை; மருத்துவச் சான்றுகூட இல்லை. காரணம் கேட்டேன். "அரியலூருக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது? சான்று வாங்கினால் ஊரெல்லாம் பேசும், அடுத்தவள் பெண். அவளுக்கு வரன் வர வேண்டாமா?" என்றார் தந்தை.

அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதே தெருவுக்கு நான் முன்பே இருமுறை சென்றிருக்கிறேன். குழாயைப் பார்த்தேன், வீட்டைப் பார்க்கவில்லை.

நண்பர்களே! இவ்வுதவி எவரும் இரக்கப்பட்டு இடும் பிச்சையன்று. நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஆம் ஆண்டிலும், ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான உதவித்தொகை 1974 ஆம் ஆண்டிலும் தொடங்கின. பின்னர் 1995 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் இடத்தில் வந்த 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. சட்டத்தின் பெயரிலேயே 'உரிமை' என்ற சொல் இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாத உதவி இரு வழிகளில் கிடைக்கிறது. இவ்விரண்டின் வேறுபாடு தெரியாமல் அலைந்து சலித்தவர் பலர்.

முதல் வழி வருவாய்த் துறையினுடையது. 18 வயது நிரம்பி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள வறியவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே பெறுவது இது. 2023 ஜனவரி முதல் இத்தொகை ரூ. 1,000 என்பதிலிருந்து ரூ. 1,500 ஆக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடுடையோர், 75 விழுக்காட்டுக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், தசைச் சிதைவு நோயுற்றோர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலியவர்களுக்கு உரியது. இது 2022 ஆம் ஆண்டில் ரூ. 1,500 என்பதிலிருந்து ரூ. 2,000 ஆயிற்று. இதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை நாட வேண்டும். ஒருவர் இவ்விரண்டில் ஒன்றையே பெறலாம்.

மாதம் ரூ. 2,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 24,000. விண்ணப்பம் தராமல் கழிந்த ஆண்டுகளுக்கு எவரும் பின்னர்க் கணக்கிட்டுத் தருவதில்லை. விதைக்கும் பருவத்தைத் தவறவிட்டவன் நிலை எத்தகையதோ, அத்தகையதே இதுவும்.

இவையன்றி, மாணவர்க்குக் கல்வி உதவித்தொகையும், மணமக்களுக்குத் திருமண உதவியும், மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி போன்ற சாதனங்களும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோர்க்கு 'நிராமயா' திட்டத்தில் ரூ. 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். வேளாண் நிலமும் வீடும் ஒதுக்கும் திட்டங்களிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதனை நீங்கள் மறத்தலாகாது.

இவை அனைத்திற்கும் திறவுகோல் ஒன்றே. அதுதான் மருத்துவச் சான்றும், அதன் அடிப்படையில் வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டையும். அது இல்லாதவர் எக்கதவைத் தட்டினும் பயனில்லை. ஆகவே உங்களிடம் மூன்று பணிகளை வேண்டுகிறேன்.

முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று பட்டியல் எழுதுங்கள். வெளியே நடமாடுவோரை மட்டுமன்றி, வீட்டுக்குள் இருப்போரையும் கேட்டறியுங்கள். தாய்மாரிடம் தனியே, அன்போடு கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, நிழற்படம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்னதாகவே சரிபார்த்து, மருத்துவ முகாம் நாளில் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் செலவு பெரிதாகாது. இடைத்தரகர் எவருக்கும் பணம் தர வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், எத்தனை பேருக்குச் சான்று உண்டு, எத்தனை பேருக்கு இல்லை என்ற எண்ணிக்கையை வைத்து விவாதியுங்கள். பெயர்களை அங்கே படிக்க வேண்டாம். குடும்பத்தின் மானமும் காக்கப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளை ஊராட்சிகளில் நியமன உறுப்பினர்களாக அமர்த்தச் சட்டப் பேரவை 2025 ஏப்ரலில் வழிவகுத்துள்ளது. அவர்களுடைய குரல் சபையில் ஒலிக்கும் காலம் வந்துவிட்டது.

நான் கூறிய இளைஞரைப் பக்கத்து வீட்டு உழவர் ஒருவரே தம் வண்டியில் முகாமுக்கு அழைத்து வந்தார். இன்று உதவித்தொகை வருகிறது. முதல் மாதப் பணத்தில் மெத்தை வாங்கியதாக அந்தத் தாய் சொன்னார். அதுவரை அவர் 22 ஆண்டுகள் பாயில் படுத்திருந்தவர். கடந்த ஆண்டுகளை எந்த ஆணையாலும் நாம் திருப்பித் தர இயலாது. அடுத்த வீட்டில் இருப்பவருக்கேனும் காலம் கடத்தாமல் இருப்போமாக!