நாலு போர்டு, ஒரே பேனல்: அம்பத்தூருக்கு ஃபைல் அனுப்புறதுக்கு முன்னாடி

இன்னைக்கு பிசிபி பத்திப் பேசப்போறோம். அம்பத்தூர் எஸ்டேட்ல பிசிபின்னு சொன்னா சில முதலாளிகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் முதல்ல ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல, பிரின்டட் சர்க்யூட் போர்டு. அதுலயும் ஒரு சின்ன விஷயம்தான்: வேற வேற டிசைன்களை ஒரே பேனல்ல சேர்த்து அடிக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பெல்ட்ல காலேஜ் முடிச்சுட்டு, ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரு புராடக்ட் பண்ணலாம்னு இறங்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க. கையில இருக்கிற காசு சொந்தக் காசு, இல்லன்னா அப்பாவோட காசு. ஃபர்ஸ்ட் பேட்ச்லயே பாதி போயிட்டா ரெண்டாவது பேட்ச் கிடையாது. அதனாலதான் இந்த டாபிக்.

முதல்ல கணக்கு. ஃபேப்ல போர்டு செய்ய வர்ற தகடு பெருசு. பொதுவா 18-க்கு 24 இன்ச் மாதிரி ஒரு ஷீட். அதுல துளை போட்டு, தாமிரம் ஏத்தி, தேவையில்லாததை அரிச்சு எடுத்து, மாஸ்க் பூசி, கடைசியாத்தான் வெட்டுவாங்க. உங்க போர்டு தீப்பெட்டி சைஸா இருந்தாலும் இந்த வேலை எல்லாம் ஷீட்டுக்குத்தான் நடக்குது. ஃபைலைச் சரிபார்க்க, ஃபிலிம் எடுக்க, டிரில் புரோகிராம் போட, டெஸ்ட் பண்ணன்னு ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு நிலையான செலவு இருக்கு. ஒரு பேச்சுக்கு அது 2,000 ரூபாய்னு வைங்க. நாலு டிசைனை நாலு ஆர்டரா கொடுத்தா, ஒரு போர்டு கூட கைக்கு வராம 8,000 போயிடுச்சு.

சிவகாசியில விசிட்டிங் கார்டு எப்படி மலிவா வருது? பத்துப் பேரோட கார்டை ஒரே பிளேட்ல ஏத்தி, ஒரே அட்டையில அடிச்சு, அப்புறம் வெட்டிக் கொடுக்குறாங்க. அதே லாஜிக்தான் இங்கயும். சிப் உலகத்துலயும் இது நடந்திருக்கு. 1979-ல லின் கான்வே அமெரிக்காவுல 12 பல்கலைக்கழகத்து மாணவர்களோட 82 டிசைன்களைச் சேர்த்து, செலவைப் பகிர்ந்து சிப் அடிச்சுக் கொடுத்தாங்க. சொந்தமா ஒரு சிப் செஞ்சு பார்க்கிறது ஸ்டூடன்ட்ஸுக்கு எட்டாத விஷயமா இருந்த காலம் அது.

சரி, நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். அபார்ட்மென்ட்டுக்கு ஒரு மோட்டார் கன்ட்ரோலர் பண்றீங்க. சம்ப்ல தண்ணி இருந்து, மேல டேங்க் காலியா இருந்தா மோட்டாரைப் போடணும். மெயின் போர்டு 80-க்கு 50 மில்லிமீட்டர். ரிலே இருக்கிற பவர் போர்டு 60-க்கு 50. டிஸ்பிளே 80-க்கு 20. சென்சார் போர்டு 30-க்கு 20, அது ரெண்டு வேணும், சம்ப்புக்கு ஒண்ணு, டேங்குக்கு ஒண்ணு.

பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. மேல் வரிசையில மெயினும் பவரும், கீழ் வரிசையில டிஸ்பிளேயும் ரெண்டு சென்சாரும். மொத்தம் 140-க்கு 70, அச்சா உட்காருது. மேலயும் கீழயும் 5 மில்லிமீட்டர் ரெயில் வைச்சா 140-க்கு 80. அந்த ரெயிலைப் பிடிச்சுத்தான் அசெம்பிளி மெஷின் கன்வேயர்ல போகும். ஒரு பேனல்னா ஒரு முழு கன்ட்ரோலர். 50 பேனல் அடிச்சா 50 செட், எதுவும் மிச்சம் விழாது. நாலு டிசைனும் வேற வேற எண்ணிக்கையில தேவைப்பட்டிருந்தா, இதைச் சேர்க்கவே வேணாம்னு சொல்லியிருப்பேன்.

அழகா உட்கார்ந்துடுச்சுன்னு உடனே ஃபைலை அனுப்பிடாதீங்க. போர்டுகளைப் பிரிக்க வி-கட் போடுவாங்க. மேலயிருந்தும் கீழயிருந்தும் ஒரு பள்ளம், நடுவுல மூணுல ஒரு பங்கு மிச்சம். 1.6 மில்லிமீட்டர் போர்டுன்னா சுமாரா அரை மில்லிமீட்டர்தான் ஒட்டிக்கிட்டிருக்கும். அந்த கட்டர் பொதுவா ஒரு ஓரத்துல ஆரம்பிச்சா மறு ஓரம் வரைக்கும் நேரா போகும், நடுவுல நிக்காது. மெயினுக்கும் பவருக்கும் நடுவுல போற கோடு கீழ டிஸ்பிளேயையும் சென்சாரையும் பிரிக்குது, சந்தோஷம். ஆனா ரெண்டு சென்சாருக்கு நடுவுல ஒரு கோடு போட்டா? அது நேரா மேல போய் பவர் போர்டை ரெண்டாப் பிளந்துடும்.

தீர்வு சிம்பிள். சென்சார் போர்டை 29 மில்லிமீட்டரா குறைச்சு, நடுவுல கிடைக்கிற 2 மில்லிமீட்டர்ல ரவுட்டர் பிட் விட்டு பள்ளமா வெட்டச் சொல்லுங்க. மேலயும் கீழயும் வி-கட் பிடிச்சிருக்கும், கீழ விழாது. போர்டு வட்டமாவோ கோணல்மாணலாவோ இருந்தா சுத்திலும் ரவுட் பண்ணி, அங்கங்க சின்ன பாலம் விட்டு, அதுல வரிசையா துளை போடுவாங்க. மவுஸ் பைட்னு பேரு. உடைச்சதுக்கு அப்புறம் ஓரம் நிஜமாவே எலி கடிச்ச மாதிரிதான் இருக்கும். கேஸுக்குள்ள டைட்டா போற போர்டுக்கு அந்தச் சொரசொரப்பு இடிக்கும், முன்கூட்டியே யோசிச்சுக்கோங்க.

அடுத்தது, எல்லா போர்டும் ஒரே தகட்டுல பிறக்குது. தடிமன், லேயர், மாஸ்க் கலர், ஃபினிஷ், தாமிர அளவு எல்லாம் பொது. பவர் போர்டுக்கு 70 மைக்ரான் தாமிரம் வேணும்னா மெயினுக்கும் அதேதான். அப்போ மெயின்ல இருக்கிற மெல்லிசான டிராக்கும் நெருக்கமான இடைவெளியும் எச்சிங்ல நிக்காது. நம்ம கன்ட்ரோலர்ல 35 மைக்ரானே வைச்சுக்கிட்டு, ரிலே டிராக்கை அகலமாக்கி, மாஸ்க்கைத் திறந்து மேல ஈயம் ஏத்திக்கலாம். அதுவும் பத்தலைன்னா பவர் போர்டைத் தனியா எடுத்துடுங்க. மெயின் நாலு லேயர்னாலும் இதே கதைதான்: மூணு பைசா சென்சாருக்கும் நாலு லேயர் காசு கொடுப்பீங்க.

இப்போ அசெம்பிளி. உண்மையில மிச்சம் அதிகமா பிடிக்கிறது இங்கதான்: ஒரே ஸ்டென்சில், மெஷின்ல ஒரே தடவை செட்டப். ஆனா மெயின் போர்டுல ஆர்1 ஒரு 10 கிலோ ஓம், டிஸ்பிளேயிலயும் ஒரு ஆர்1, அது 220 ஓம். கிகேட்ல பேனல் போட கிகிட்னு ஒரு டூல் இருக்கு. அது நெட் பேர்களைப் போர்டு வாரியா மாத்திக் கொடுத்தாலும், நீங்க சொல்லலைன்னா ஆர்1-ஐ ஆர்1-ஆவே விட்டுடும். ஜாப் ஒர்க் பண்ற அண்ணன்கிட்ட அந்த லிஸ்ட் போனா, ரெண்டு ஆர்1-ல எது எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? மெயினுக்கு 100-ல இருந்து, பவருக்கு 200-ல இருந்து, டிஸ்பிளேக்கு 300-ல இருந்து நம்பர் போடுங்க. இதை ஸ்கீமேட்டிக்லயே பண்ணிடணும், பேனல் போட்டதுக்கு அப்புறம் பண்ணா தலைவலி. ரெயில்ல மூணு ஃபிடூஷியல் வைங்க, ஒரு மில்லிமீட்டர் தாமிர வட்டம், சுத்தி மாஸ்க் இல்லாம. மூணையும் சமச்சீரா வைக்காதீங்க. அப்பதான் பேனலைத் திருப்பி வைச்சா மெஷின் கண்டுபிடிக்கும்.

ரொம்ப முக்கியமானதுக்கு வர்றேன். செராமிக் கெப்பாசிட்டர். பேனலைக் கையில பிடிச்சு மடக்குன்னு உடைக்கிறோம் பாருங்க, அப்போ போர்டு வளையுது. வி-கட் பக்கத்துல கெப்பாசிட்டர் இருந்தா உள்ளுக்குள்ள கீறல் விழும். வெளிய தெரியாது. டெஸ்ட்ல பாஸ் ஆகும். கஸ்டமர் வீட்டுக்குப் போய், மழைக்காலத்து ஈரம் உள்ள இறங்கி, மாசக்கணக்குல கழிச்சு ஷார்ட் ஆகும். சப்ளை லைன்ல இருக்கிற கெப்பாசிட்டர்னா சூடாகிக் கருகும். அதுவும் மோட்டார் ரூம்ல, 230 வோல்ட் பக்கத்துல. அதனால கெப்பாசிட்டரைக் கோட்டுல இருந்து 5 மில்லிமீட்டராவது தள்ளி வைங்க, நீளவாக்குல கோட்டுக்கு இணையா இருக்கட்டும். கையால உடைக்காம, பீட்சா கட்டர் மாதிரி சக்கரம் வைச்ச டீபேனலிங் மெஷின்ல வெட்டித் தரச் சொல்லுங்க. காசு மிச்சம் பண்றதுக்குன்னு இதை மட்டும் விடாதீங்க.

ஃபேப்கிட்ட ஃபோன்ல மூணு கேள்வி கேளுங்க. பேனலுக்குள்ள வேற வேற டிசைன் இருந்தா தனி சார்ஜ் உண்டா? நிறைய இடத்துல உண்டு, சில சமயம் மொத்த லாபமும் அதுலயே போயிடும். பேனல்ல ஒரு போர்டு ஃபெயிலானா, அதுல எக்ஸ் போட்டு மீதியைத் தருவீங்களா, இல்ல முழு பேனலையும் மாத்தித் தருவீங்களா? நம்ம கேஸ்ல ஒரு சென்சார் போச்சுன்னா ஒரு செட்டே குறையுது. மூணாவது, வி-கட்டும் ரவுட்டிங்கும் ஒரே பேனல்ல பண்ணுவீங்களா?

முதல் 50 செட்டுக்கு நான் இந்தப் பேனலைத்தான் போடுவேன். 2,000 செட் ஆர்டர் வந்தா போட மாட்டேன். அப்போ டிஸ்பிளேயில ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அஞ்சு போர்டையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், நிலையான செலவும் அவ்வளவு போர்டுல கரைஞ்சிடும். அந்த அளவுல ஒவ்வொரு டிசைனுக்கும் தனிப் பேனல்.

உங்க பேனல் டிராயிங்கை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணை எடுத்து வி-கட் கோட்டை எல்லாம் ஓட்டிப் பார்ப்போம்.