கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

(தலைப்பு: காசு கொடுக்காமல் பாட்டை இறக்கிப் பகிர்ந்துகொள்வது ரசனையா, திருட்டா? 'திருட்டே' என்ற அணியில் திருவண்ணாமலையில் பேசியது.)

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! அண்ணாமலையார் அடிவாரத்தில் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

நண்பர் ஒரு போடு போட்டார். "ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்கு ஏத்தலாம். முதல் விளக்கு குறைஞ்சா போகுது? பாட்டும் அப்படித்தான். நான் காப்பி எடுத்தாலும் உங்க பாட்டு உங்ககிட்டயே இருக்கு. இதுல திருட்டு எங்கேய்யா வந்தது?" என்றார். நீங்கள் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். நல்லாப் பேசினா தட்டணும் இல்லையா! (சிரிப்பு)

ஆனா ஐயா, விளக்கைப் பற்றி இந்த ஊரில் வந்தா பேசுறது? 2,668 அடி உயர மலை உச்சியில் கார்த்திகை தீபம் எரியுது. பார்க்க டிக்கெட் கிடையாது. சுற்று வட்டாரமே வாசலில் நின்று கும்பிடுது. இலவசம்தான். ஆனா சும்மாவா எரியுது? ஆயிரக்கணக்கான கிலோ நெய் வேணும். திரிக்குக் காடாத் துணி வேணும். கொப்பரையைத் தோளில் சுமந்து மலையேற ஆள் வேணும். நெய்க்குக் காணிக்கை கட்டின பக்தர் எத்தனை பேர்! வெளிச்சம் குறையாது நடுவர் அவர்களே, நெய் குறையும்! (பலத்த கைதட்டல்)

பாட்டுக்கும் நெய் உண்டு. எழுதினவர், மெட்டுப் போட்டவர், பாடினவர், வயலின்காரர், தபேலாக்காரர், ஒலிப்பதிவு பண்ணினவர், இவங்க உழைப்புத்தான் அந்த நெய். சினிமாப் பாட்டை விடுங்க. சொந்தப் பணத்தைப் போட்டுப் பத்து பக்திப் பாட்டைப் பதிவு பண்ணி வெளியிடுகிற ஒரு சின்னப் பாடகரை நினைச்சுப் பாருங்க. அவர் பாட்டு ஊரெல்லாம் போன்ல ஒலிக்குது. போட்ட பணம் திரும்பலே. அடுத்த தொகுப்பு வருமா? பழைய பாட்டு தேயாது. வரவேண்டிய பாட்டு வராமலே போயிடும்.

"அருணகிரிநாதர் இந்த ஊர்க்காரர்தானே, காசு வாங்கிட்டா பாடினார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் தானே மனமுவந்து கொடுத்தார். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போறோம். வழியில் அன்னதானம் கொடுக்கிறாங்க. வாங்கிச் சாப்பிட்டா யாரும் நம்மைத் திருடன்னு சொல்றதில்லே. கொடுக்கிறவர் தன் பொருளைக் கொடுக்கிறார். அதையே ஒருத்தர், எதிர் ஓட்டலுக்குள்ள புகுந்து சாம்பார் சாத அண்டாவைத் தூக்கிட்டு வந்து, "வாங்க வாங்க, அன்னதானம்"னு கூப்பிட்டா? (சிரிப்பு) அதுக்குப் பெரியவங்க வச்ச பேரு, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறது!

"அப்போ ஏழை பாட்டே கேட்கக் கூடாதா?" என்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். வானொலி இருக்கு. நடுவில் விளம்பரம் வந்தாலும் பரவாயில்லேன்னா, போனிலேயே முறைப்படி காசில்லாமல் கேட்கலாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமே கோயில் விழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் பாட்டுப் போட வழி விட்டிருக்கு. சட்டம் அவ்வளவு கல்நெஞ்சு இல்லே!

பாட்டை ஊருக்கே பொதுவாக்குவது எப்படி என்று தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தெரியும். 1940-களில் பாரதியார் பாட்டைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. "பாரதி எல்லாருக்கும் சொந்தம்" என்று அறிஞர்கள் குரல் கொடுத்தார்கள். அவர் விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டு, பாரதி குடும்பத்துக்குப் பணமும் கொடுத்தது. அப்புறம்தான் பாட்டு பொதுச் சொத்தானது. உரிமைக்காரரைக் கேட்டு, குடும்பத்துக்குக் கொடுத்து, பிறகு ஊருக்குக் கொடுத்தாங்க. அதுதான் முறை! (கைதட்டல்)

அடுத்து அவர்களுடைய பெரிய ஆயுதம்: "நாம கொடுக்கிற காசு கம்பெனிக்குத்தான் போகுது, கலைஞனுக்கா போகுது?" இதில் நியாயம் இருக்கு, மறுக்கலே. படப் பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கலைஞர்கள் ஓயவில்லை. 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கிற பணத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கவும் முடியாது என்று ஆனது. ஆனா ஐயா, நாம காசே கொடுக்கலேன்னா எதில் பங்கு? பூஜ்யத்தில் பாதி எவ்வளவு? (சிரிப்பு) மேஸ்திரி கமிஷன் அடிக்கிறார்னு, கொத்தனாருக்குக் கூலியே கொடுக்காமல் வீட்டுக்குக் குடிபோறது எந்த ஊர் நியாயம்?

சட்டம் போட்டே இதை ஒழிச்சிடலாம்னு நான் சொல்லலே. 1999-இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்று ஒன்று வந்தது. பாட்டை ஒருத்தருக்கொருத்தர் கணினியிலேயே பரிமாறிக்கொண்டார்கள். வழக்குப் போட்டு 2001-இல் நிறுத்தினார்கள். பகிர்வது நின்றதா? வேற பேர்ல வந்தது. இங்கே 2004-இல் திருட்டு வி.சி.டி.க்காரர்களைக் குண்டர் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அதுக்காக ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? அங்கே நிற்க வேண்டியது மனசாட்சிதான்.

தாய்மார்களே, பையன் பென்சிலை மாற்றி எடுத்துக்கிட்டு வந்தா, "யாரோடதுடா இது? நாளைக்கே கொடுத்துடு" என்று சொல்லி வளர்க்கிறோம். அவனே ஆயிரம் பாட்டு நிறைஞ்ச மெமரி கார்டோடு வந்தா, "கெட்டிக்காரன், எனக்கும் ரெண்டு போட்டுக் கொடு" என்கிறோம். (சிரிப்பு, கைதட்டல்) பென்சிலுக்குக் கேட்ட அதே கேள்வியைப் பாட்டுக்கும் கேளுங்க. போலீஸ் செய்ய முடியாததை அந்த ஒரு கேள்வி செய்யும்.

உண்மையான ரசிகன், விளக்கு அணையாமல் எரியத் தன் பங்குக்கு ஒரு கரண்டி நெய்யாவது ஊற்றுவான். ஆகவே நடுவர் அவர்களே, கொடுத்து ரசிப்பதே ரசனை, கொடுக்காமல் எடுப்பது திருட்டே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.