மதகு முதலில், பூங்கா பிறகு!

(கூட்டேரிப்பட்டில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசிய பேச்சு)



இன்னைக்கு நாம பேச வந்தது வீடூர் அணையைப் பத்தி. அணைக்கரையில் பூங்கா வேணும், படகு விடணும், வீடூரைச் சுற்றுலாத் தலமாக்கணும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. சிலபேர் நம்மகிட்ட, "சங்கம் இதை எதிர்க்குதா?" என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா. நம்ம புள்ளைங்களும் ஞாயித்துக்கிழமை நாலு மரத்தடியில் விளையாடட்டும். நாம கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: எது முதலில்? மதகா, பூங்காவா?

இந்த அணை எப்படி வந்தது? காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1959ல் கட்டி முடித்தார்கள். செஞ்சிப் பக்கத்து மலைகளில் இருந்து வரும் வராக நதியையும் தொண்டியாற்றையும் ஒண்ணா மறிச்சுக் கட்டின அணை. உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் நம்ம பக்கம், 1,000 ஏக்கர் புதுச்சேரிப் பக்கம். வீடூர், சிறுவை, பொம்பூர், ஐவேலி, கோரக்கேணி, எறையூர் என்று இத்தனை ஊர் வயலும் அந்தத் தண்ணியை நம்பித்தான் இருக்கு.

605 மில்லியன் கன அடி என்றால் எவ்வளவு? நம்ம கணக்கில் சொல்றோம். அணை முழுசா நிரம்பி, அந்தத் தண்ணி அத்தனையையும் 3,200 ஏக்கரிலும் பரப்பினால், நாலேகால் அடி உயரத்துக்கு நிற்கும். நின்ற ஆள் நெஞ்சு மட்டம். அவ்வளவு தண்ணியை ஒரு மண்கரையும் சில இரும்பு ஷட்டரும் தாங்கிக்கிட்டு நிக்குது. அதனாலதான் சொல்றோம், இது வேடிக்கை பார்க்கிற குட்டை இல்லை.

தோழர்களே, 2024 நவம்பர் 30 ராத்திரி யாருக்கும் மறக்காது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணி வரைக்குமான ஒரே நாளில் நம்ம மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். அரை மீட்டர் உயரம்! அந்த மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால், 1 கோடியே 80 லட்சம் கன அடி தண்ணி. 34 சதுர கிலோமீட்டரில் பெய்த மழை ஓடி வந்தாலே, காஞ்சு கிடக்கிற வீடூர் அணை தளும்பிப் போகும். அணைக்குத் தண்ணி வருகிற பரப்போ அதைப்போல பல மடங்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? இப்படி ஒரு மழையில் அணை வெள்ளத்தைப் பிடிச்சு வைக்காது, வெள்ளம் வந்தபடியே வெளியே போகும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பாத்துறது ரெண்டே விஷயம். ஒண்ணு, சொன்ன நேரத்தில் தூக்கக் கூடிய மதகு. ரெண்டாவது, தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து சேர்ற சேதி.

பக்கத்து ஆத்துல நடந்ததைப் பாருங்க. தென்பெண்ணை மேல சாத்தனூர் அணை. நம்மில் பலபேர் பஸ் பிடிச்சுப் போய் பார்த்த அணைதான். 119 அடி உயரம். பாசனம் உண்டு, மின்சாரம் உண்டு, பூங்கா உண்டு, முதலைப் பண்ணை உண்டு. 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை அங்கிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஆத்தங்கரை ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. சரியாகக் கொடுக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வழக்குக்குள் நாம போக வேணாம். ஆனா ஒரு பாடம் இருக்கு. அலுவலகத்தில் இருந்து சேதி கிளம்பிட்டா மட்டும் போதாது. தூங்குறவன் எழுந்து, மாட்டை அவிழ்த்து, கிழவியைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏற நேரம் இருக்கிற மாதிரி அது வந்து சேரணும். அதுக்குப் பேர்தான் எச்சரிக்கை.

மதகு கதை இன்னும் மோசம். அதே தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை. 2017 நவம்பர் 29ல் முதல் மதகு உடைஞ்சது. பாசனத்துக்குத் தேக்கின தண்ணி ஆத்தோட போச்சு. ஆந்திராவில் கடப்பை மாவட்டத்து அன்னமய்யா அணை, நம்ம வீடூர் மாதிரி மண்கரை அணை. அஞ்சு மதகில் ஒண்ணு பழுதாகிக் கிடந்தது. 2021 நவம்பர் 19ல் பெருவெள்ளம் வந்தது. தண்ணி போக வழி பத்தாமல் மண்கரை மேலேயே ஏறியது. கரை அறுந்தது, கீழே இருந்த ஊர்களில் உயிர்கள் போயின. நம்ம மாவட்டத்திலேயே தளவானூர் தடுப்பணை 25 கோடி ரூபாயில் கட்டி, சில மாசத்திலேயே 2021 ஜனவரியில் உடைஞ்சது. பழசும் உடையும், புதுசும் உடையும். பார்த்துக்கிட்டே இருக்கிற அணைதான் நிக்கும்.

கரையைப் பார்க்கிறது எப்படின்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏரிக்கரையில் வளர்ந்தவங்க நாம. கரையில் வேலிக்காத்தான் மண்டினா வேர் உள்ளே போகும். மரம் பட்டுப்போனா அந்த வேர் மக்கி, தண்ணிக்குக் குழாய் ஆகும். எலி வளையும் நண்டு வளையும் அப்படித்தான். கரைக்கு அந்தப் பக்கம் ஊத்து கசிஞ்சா, தெளிஞ்ச தண்ணியா வர்ற வரைக்கும் கவனிச்சுக்கிட்டு இருக்கலாம். கலங்கலா வந்தா உள்ளே மண்ணு கரையுதுன்னு அர்த்தம், ஒரு நாழிகை தாமதிக்கக் கூடாது. இதை அதிகாரிகளும் அறிவார்கள். நாம சொல்றது, பார்க்கும்போது எங்களையும் கூட வச்சுக்கோங்க என்பதுதான்.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30ல் நடைமுறைக்கு வந்தது. 10 மீட்டருக்கு மேல் உயரமும், 10 லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் இருந்தால் அந்த அணை இந்தச் சட்டத்துக்குள் வரும். உயரத்தை அஸ்திவாரத்தின் அடியில் இருந்து அளக்கணும். வீடூரின் கொள்ளளவு 1 கோடியே 71 லட்சம் கன மீட்டர். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்கணும் என்கிறது சட்டம். வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு வைக்கணும் என்கிறது. எவ்வளவு தண்ணி வரும், எவ்வளவு போகும் என்கிற விவரத்தை ஜனங்களுக்குத் தெரியப்படுத்தணும் என்கிறது. ஆபத்துக் காலச் செயல் திட்டத்தை அஞ்சு வருஷத்துக்குள், அதாவது 2026 முடியறதுக்குள் தயார் பண்ணணும் என்கிறது. ஆக நாம கேட்கிறது சலுகை இல்லை, உரிமை.

இப்போ பூங்கா விஷயத்துக்கு வருவோம். நம்ம அணைத் தண்ணி சங்கராபரணியா ஓடி, புதுச்சேரியில் கடலைத் தொடுற இடத்துக்கிட்ட சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கு. ஊரெல்லாம் அங்கே போகுது, சந்தோஷம். வீடூரிலும் வரட்டும். ஆனா அணை நிரம்பினா கூட்டம் சேருது. நீச்சல் தெரியாத புள்ளைங்க ஷட்டர் பக்கம் இறங்குது. குடிச்சிட்டு உடைச்ச பாட்டில் கால்வாயோட வந்து நடவு நடுற பொம்பளைங்க காலைக் கிழிக்குது. கம்பி வேலியும் காவலும் கழிப்பறையும் இல்லாமல் கூட்டத்தை மட்டும் கூப்பிட்டா அது சுற்றுலா இல்லை, சாவுக்கு அழைப்பு. கடைக்கும் கட்டடத்துக்கும் நீர்ப்பிடிப்பு இடத்தில் ஒரு அடி கூட விடக் கூடாது. வண்டியும் கடையும் மண்கரை மேல ஏறக் கூடாது.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி எல்லா மதகையும் ஏத்தி இறக்கி, ஆயக்கட்டு விவசாயிகள் முன்னிலையில் சோதிக்க வேண்டும். கரண்ட் போனாலும் தூக்க ஜெனரேட்டர் இருக்க வேண்டும்.

2. கரையில் உள்ள வேலிக்காத்தானையும் வளைகளையும் அகற்ற வேண்டும்.

3. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் தினமும் அணையிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் எழுதிப் போட வேண்டும்.

4. கீழ்க்கரை ஊர்களில் சைரன் வேண்டும். புதுச்சேரி ஊர்களுக்கும் சேதி சேர வேண்டும்.

5. தண்ணீர் திறப்புக்கு முன் கால்வாய்களைக் கடைமடை வரை தூர்வார வேண்டும்.

6. இவை முடிந்த பிறகு, வேலியும் காவலும் கழிப்பறையும் உள்ள பூங்கா அமைக்கட்டும். அதன் வருமானத்தில் ஊராட்சிக்குப் பங்கு வேண்டும்.

தோழர்களே, கைதட்டிட்டு வீட்டுக்குப் போனா காரியம் ஆகாது. ஊருக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனுவோட, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்போம். பதில் எழுத்தில் வரும் வரைக்கும் மாசா மாசம் போவோம். தண்ணி வர்ற ராத்திரி கட்சியும் சாதியும் பார்க்காது. நாமளும் பார்க்க வேண்டாம்.

மதகைச் சரிசெய்! கரையைக் காப்பாற்று!
கடைமடைக்கும் தண்ணீர் கொடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!