விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல

வீட்ல பழைய பட்டன் போன் இருந்தா எடுத்து 5-ம் நம்பரைத் தடவிப் பாருங்க. சின்னதா ஒரு மேடு இருக்கும். எங்க தாத்தா போன் பண்ணது அந்த மேட்டை நம்பித்தான். கண் அழுத்த நோயால பார்வை ரொம்ப மங்கிடுச்சு. 5-ஐ விரலால பிடிச்சு, அங்கிருந்து மேல, கீழன்னு எண்ணி டயல் பண்ணுவார்.

என் முதல் சம்பளத்துல அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். பேசிக் காட்டுற வசதியையும் ஆன் பண்ணேன், ஆனா காதும் மந்தம். ரெண்டு நாள் தடவிப் பார்த்துட்டு, "எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கேடா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

வெறும் கண்ணாடியில விரலுக்கு ஒரு மேட்டைக் காட்ட முடியுமா? இந்தக் கேள்விக்காகவே சம்பளம் கொடுத்து பிஎச்டி பண்ண வைக்கிறாங்க. விடை இருக்கிற இடம், உராய்வு.

2001-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. விரல் நகரும்போது பக்கவாட்டு விசையைச் சரியா மாத்தினா, பள்ளத்தைக்கூட மூளை மேடுன்னு நம்பிடும்னு அதுல காட்டினாங்க. அப்போ கண்ணாடி மேடாக வேண்டாம், உராய்வு மாறினா போதும்.

அதுக்கு ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, கூட்டுறது. எட்வர்ட் மாலின்க்ராட் என்பவர் ஒரு பித்தளை பல்பு ஹோல்டரைத் தடவினப்போ, விளக்கு எரியும்போது மட்டும் அது வழவழப்பு குறைஞ்ச மாதிரி இருந்ததைக் கவனிச்சார். 1953-ல இதைப் பத்தி ஆய்வுக்கட்டுரை வந்தது. மேல மெல்லிய காப்புப் பூச்சு உள்ள கடத்தியில மாறுமின்னழுத்தம் கொடுத்தா, நிலைமின் விசை விரல் தோலைக் கீழ இழுக்கும், உராய்வு கூடும். டிஸ்னி ரிசர்ச் 2010-ல காட்டின டெஸ்லாடச் இதே தத்துவத்தை டச் ஸ்க்ரீனுக்குக் கொண்டு வந்தது.

ரெண்டாவது வழி, குறைக்கிறது. கண்ணாடியை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல, மைக்ரான் அளவுல அதிர வைச்சா விரல் பாதி மிதக்கிற மாதிரி வழுக்கும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோட டி-பேட் இப்படித்தான் வேலை செய்யும்.

அப்புறம் ஏன் நம்ம போன்ல இது இல்லை? பெரிய சிக்கல் ஒண்ணு, விரல்தான். விரல் நகர்ந்தாத்தான் இதெல்லாம் தெரியும், சும்மா வைச்சா எதுவும் தெரியாது. அதோட வியர்வை. கண்ணாடிமேல விரல் இருக்க இருக்க ஈரம் தங்கி, மேல்தோல் இளகி, தொடுபரப்பு கூடி, சில நொடிகள்லேயே உராய்வு மாறிடும். ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு நேரத்துக்கு நேரம் மாறும். போதாக்குறைக்கு, அந்த மின் வழி ஈர விரல்ல வலுவிழந்துடும்.

இனி என் கதை. இந்த மாதிரி ஒரு இடத்துக்கு நானும் அப்ளை பண்ணேன். இன்டர்வியூ வரைக்கும் போனேன். கோட் பத்தி இருபது நிமிஷம் பேசினேன். கடைசியா ஒருத்தர் கேட்டார், "விரல் வியர்த்தா என்ன பண்ணுவீங்க?" பதில் வரலை. இடமும் கிடைக்கலை.

நான் சென்னைக்காரன். மே மாசம் பஸ்ல தொங்கிக்கிட்டு, ஈர விரலுக்கு போன் திறக்காம தவிச்சவன். அந்த ரூம்ல அந்தப் பிரச்சினையை என்னைவிட அனுபவிச்சவங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க. ஆனா அதை ஒரு ஆராய்ச்சிக் கேள்வியா நான் யோசிச்சதே இல்லை. "எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கே"ன்னு தாத்தா சொன்னப்பவும், அவருக்குப் பழகலைன்னு நினைச்சேனே தவிர, கண்ணாடி மேல குறை இருக்கும்னு நினைக்கலை.

மெக்கானிக்கல், இஇஇ, மெட்டீரியல்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி திட்டத்துல பிஎச்டி பண்றவங்க சம்பளம் வாங்கும் ஊழியர்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கடைசி 36 மாசத்துல அந்த நாட்டில 12 மாசத்துக்கு மேல வசிச்சிருக்கக் கூடாது. பல இடங்கள்ல முதுகலைப் பட்டம் கேட்பாங்க.

தாத்தா இப்போ இல்லை. அவரோட பட்டன் போன் என் மேஜைல இருக்கு. நான் மறுபடி அப்ளை பண்ணப் போறேன். இந்த தடவை வியர்வையிலிருந்து ஆரம்பிப்பேன்.