புனைவுலகிற்கு ஒரு நிலம்



நம் வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. மனிதக் கணக்கில் இது பெருமைக்குரிய காலம். பழனி மலையின் கணக்கிலோ இது ஒரு பூப்புக்கும் போதாது. இம்மலைத் தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் கோடைக்கானலில் அது பூத்தது. பூத்து, விதை சிந்தியதும் அச்செடி மடிந்துவிடுகிறது. வாழ்நாளில் ஒரேயொரு முறை பூக்கும் செடியை ஓர் எழுத்தாளன் தன் கற்பனையில் படைத்திருந்தால், "நம்பும்படியாக இல்லை" என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

முற்றிலும் புதியதோர் உலகைப் படைத்து, அதில் கதை நிகழ்த்துவது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய மிகைப்புனைவை எழுத முற்படும் நம் இளைஞர் பலர், பனி மூடிய கோட்டையும் தீ உமிழும் நாகமும் கொண்டு தொடங்குகின்றனர். அவை பிறர் கண்ட கனவுகள். கனவைக் கடன் வாங்குவது குற்றமன்று. அது எந்த மண்ணில் முளைத்தது என்று கேளாமல் வாங்குவதே குறை.

மேலை நாட்டில் இவ்வகை எழுத்திற்குப் பெரும் முன்மாதிரியான டோல்கீனின் பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அவர் மொழியறிஞர். ஆகவே, தம் உலகிற்கு மொழிகளையே முதலில் ஆக்கினார். ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியான தம் முதல் நாவலில் மால்குடியை நிறுவினார். சரயு ஆறும் மெம்பி மலையும் எந்த வரைபடத்திலும் அவர் காட்டியபடி இல்லை. ஆயினும் தென்னாட்டுச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த எவருக்கும் அந்தத் தெருக்கள் பழக்கமானவை. ஜெயமோகன் 1997இல் வெளியிட்ட 'விஷ்ணுபுரம்' ஒரு கோயில் நகரையே கற்பனையில் எழுப்பிற்று. அதன் அடித்தளம் இந்திய தத்துவ மரபு. மூவரும் தாம் நன்கறிந்த ஒன்றிலிருந்தே தொடங்கினர்.

நாம் எதிலிருந்து தொடங்குவது? உலகைப் படைக்கும் இலக்கணம் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. தொல்காப்பியத்தின் அகத்திணையியலைத்தான் சொல்கிறேன். முதலில் நிலமும் பொழுதும், இவை முதற்பொருள். பிறகு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ், இவை கருப்பொருள். இறுதியில்தான் மனிதரின் உள்ளத்து நிகழ்ச்சியாகிய உரிப்பொருள். கூதிர்க் காலமும் நள்ளிரவும், சேயோனும் தினையும், வேங்கையும் மயிலும் ஒன்றோடொன்று பொருந்திய பின்னரே தலைவன் மலைச்சாரலில் அடியெடுத்து வைக்கிறான். அவனுக்குப் பெயரும் கிடையாது. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது அவ்வுலகின் சட்டம். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று இலக்கணம் கூறுவதன் கருத்து இதுவே: முழுப் பொய்யும் அன்று, முழு மெய்யும் அன்று, விதியால் கட்டப்பட்ட ஓர் உலகம்.

அவ்விலக்கணத்தில் நான் மிகவும் வியப்பது அதன் நெகிழ்ச்சியை. திணைகள் தம்முள் மயங்கலாம். நிலங்கள் மட்டும் மயங்கலாகா என்கிறார் தொல்காப்பியர். ஒரு நிலத்திற்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்திற்கு வரலாம். ஆனால், வந்த நிலத்தின் கருப்பொருளாகவே அவை கொள்ளப்படும். தீ உமிழும் நாகத்திற்கும் இங்கே விடை கிடைக்கிறது. அது தாராளமாகக் கோடை மலைக்கு வரலாம். வந்தபின் அது எந்தக் குகையில் உறங்கும், யார் விளைத்த தினையை அழிக்கும், அதை விரட்ட எந்தப் பறை முழங்கும் என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அது நம் நாகம். சொல்லாவிடின் அது வெறும் விருந்தாளி.

குறிஞ்சியை ஒரு விதியாக எடுத்துக்கொண்டு பாருங்கள். பூப்பைக் கொண்டு வயதை எண்ணும் மக்கள் வாழும் ஒரு மலையைக் கற்பனை செய்வோம். அங்கே முப்பதாண்டு வாழ்ந்த ஒருத்தி இரண்டோ மூன்றோ பூப்புக் கண்டவள். கடனுக்குத் தவணை ஒரு பூப்பு. பூப்பாண்டின் தேனைச் சான்றாக வைத்தே அங்கே மணம் நிகழும். குறுந்தொகையில் தேவகுலத்தார் பாடிய தலைவியும் தன் நட்பின் அளவைச் சொல்லும்போது, குறிஞ்சித் தேன் விளையும் நாட்டை உடையவன் என்றுதானே தலைவனைச் சுட்டுகிறாள்! இனி ஒரே ஒரு வினா: ஓர் ஆண்டு, பூக்க வேண்டிய குறிஞ்சி பூக்கவில்லை. அவர்களின் சட்டமும் மணமும் கடனும் என்னவாகும்? அந்த வினாவில்தான் கதை பிறக்கிறது. விதி இல்லாத உலகில் எதுவும் நிகழலாம். எதுவும் நிகழலாம் எனில், எது நிகழ்ந்தாலும் நமக்குக் கவலையில்லை.

அன்பர்களே, இந்தக் கற்பனை அவ்வளவு தொலைவில் இல்லை. நாம் இன்று காணும் கோடைக்கானலே படைக்கப்பட்டதோர் உலகம்தான். சமவெளியின் வெப்பமும் நோயும் தாங்காத அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். தம் ஊரின் நினைவை அவர்கள் நம் மலைமேல் விரித்தனர். பின்னர்த் தைல மரமும் பைனும், சீகை என்று நாம் வழங்கும் வாட்டிலும் புல்வெளிகளில் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் உயர்நிலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் 2018இல் எழுதினர். வாட்டில் வந்தது, ஆனால் வந்த நிலத்தின் கருப்பொருளாகவில்லை. நிலத்தையே தன் பொருளாக்கிக் கொண்டது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் வகுத்தார். மழை பெய்து கொண்டிருக்கும்போதே, பசுமை குறையாமலே, ஒரு குறிஞ்சி நிலம் திரியக்கூடும் என்பதை நாம் கண்டுவிட்டோம். இதற்குத் திணைப்பெயர் இன்னும் வைக்கப்படவில்லை.

ஆகவே, உலகைப் படைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு வினா உண்டு: இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? ஏரிக்கு முன்பே இம்மலையில் பளியரும் புலையரும் வாழ்ந்தனர். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் பளியர்க்குப் பாட்டில் வரும் கருப்பொருள் அல்ல, அன்றாடம். நம் புனைவுலகில் அவர்கள் மந்திரம் அறிந்த நிழல்களாக மட்டும் வருவார்களாயின், நாமும் இன்னொரு வாட்டிலைத்தான் நடுகிறோம்.

இம்மலைக்குரிய வள்ளல் பேகன். மயிலுக்குக் குளிரும் என்று போர்வை அளித்தவன். மிகைப்புனைவின் உள்ளம் அது என்று நான் எண்ணுவதுண்டு. ஆனால், அவன் பிரிந்து வாழ்ந்ததால் வருந்திய மனைவி கண்ணகியின் துயரை அந்த உள்ளம் காணவில்லை. கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்காகவே அவனிடம் பாடிச் சென்றனர். பொருள் வேண்டிப் பாடாமல், அவளிடம் அவன் திரும்புவதையே பரிசிலாகக் கேட்டனர். மயிலின் குளிரை உணரும் கற்பனையும் வேண்டும். கண்ணகியின் கண்ணீரைக் காணும் புலவரும் வேண்டும். முன்னது இருந்தால் ஓர் உலகைப் படைக்கலாம். பின்னது இருந்தால்தான் அதில் மக்கள் வாழ முடியும்.

அடுத்த குறிஞ்சி 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்குள் நம் வட்டத்தாரில் ஒருவரேனும், பூக்காத குறிஞ்சியின் கதையை எழுத வேண்டும் என்பது என் விருப்பம். அது புனைவாகவே நின்றுவிட வேண்டும் என்பது என் வேண்டுதல்.