நினைவுச் சின்னமும் பெயர்களும்



ஒரு நாட்டின் பெருந்துயரில் மாண்டோர்க்கு நினைவுச் சின்னம் எழுப்ப முற்படுவோர், அதன் உயரத்தைப் பற்றியே முதலில் பேசுவர். எவரெவர் பெயர் அதில் இடம்பெறும் என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படையினர்க்கு வாஷிங்டன் நகரில் நினைவுச் சின்னம் அமைக்க 1981-இல் முடிந்த போட்டிக்கு 1,421 வரைபடங்கள் வந்தன. அனுப்பியவர் பெயரை மறைத்து, எண்ணை மட்டுமே நடுவர்களுக்குக் காட்டினர். தேர்வு பெற்றது, 21 வயது மாணவி மாயா லின் வரைந்த படம். சீனாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகள் அவர். பிறப்பும் செல்வாக்கும் மறைக்கப்பட்ட இடத்தில் திறமை வெளிப்பட்டதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்க.

1982-இல் அச்சின்னம் திறக்கப்பட்டது. நிலமட்டத்திற்குக் கீழே தாழ்ந்து செல்லும் இரு கருங்கற் சுவர்கள். அவற்றில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதிகாரி முன்னே, சிப்பாய் பின்னே என்ற முறை அங்கில்லை, பதவியே பொறிக்கப்படவில்லை. மாண்ட நாளின் வரிசையிலேயே பெயர்கள் உள்ளன. கறுப்பு அவமானத்தின் நிறம் என்று கூறி எதிர்த்தோரும் இருந்தனர். எனினும் நிறம் மாற்றப்படவில்லை. அந்தக் கருங்கல் நம் நாட்டின் பெங்களூர்ப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டதாகும். இன்றும் உறவினர் அங்குச் சென்று, பெயரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துச் செல்கின்றனர்.

பதவி வேறுபாடு பாராத அச்சுவரிலும், அதே போரில் மாண்ட வியட்நாம் மக்களின் பெயர்கள் இல்லை. சின்னத்தை எழுப்புவோர் எவரோ, அவர் எண்ணியவரே அதில் இடம் பெறுகின்றனர்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் எரிந்து மாண்ட நம் மக்கள் 44 பேர். அந்த எண்ணை நாம் அனைவரும் அறிவோம். அவர்களுள் பத்துப் பேரின் பெயரையேனும் கூறவல்லார் இங்கு எத்தனை பேர்? எண் கணக்கேட்டிற்கு உரியது. பெயரைச் சொல்லும்போதுதான் தாயும் சேயும் நம் கண்முன் வருகின்றனர்.

ஆகவே, இளைஞர்களே! மூத்தோரைக் கேட்டு அப்பெயர்களை எழுதி வையுங்கள். கட்டடக் கலையும் சிற்பமும் ஓவியமும் கற்க முன்வாருங்கள். நம் துயரின் சின்னத்தை நாமே வரையும் தகுதியை நமக்குத் தருவது கல்வியே. வெள்ளி விழாக் காணும் இக்கழகம் அத்தகைய பிள்ளைகளை உருவாக்குமாக என வேண்டி அமைகிறேன்.